கருவூலம், கலெக்டர் ஆபீஸ் வாசலில் காவல் நிற்கும் பாரா போலீஸ்: உங்களுக்கு ஏதாவது அனுபவம்?

ஓடம்போக்கிக்கரை
இந்தக் குடியரசு தினத்துக்குப் பையன் டான்ஸ் ஆடுகிறான் என்று ஆயுதப்படை மைதானத்துக்குப் போயிருந்தேன். கலெக்டர் முதலமைச்சர் காவலர் பதக்கம் குத்திவிட்டுக்கொண்டு வந்தார். வரிசையில் ஏழாவதோ எட்டாவதோ ஆள். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கை தட்ட வரவில்லை.

மூன்று வருஷம் முன்னால் அப்பாவை ஓய்வூதிய நேர்காணலுக்கு (உயிரோடு இருக்கிறார் என்று வருஷா வருஷம் நேரில் காட்டுவது) ஒரு சார்நிலைக் கருவூலத்துக்குக் கூட்டிப்போனேன். ஊர் பெயர் வேண்டாம். ஐப்பசி மழை. நான் ஜெராக்ஸ் எடுக்கப் போன நேரத்தில் அப்பா படியில் வழுக்கி விழுந்துவிட்டார். நாலடி தள்ளி ஸ்ட்ராங் ரூம் முன்னால் துப்பாக்கியோடு பாரா போலீஸ். "யாராவது வாங்க, பெரியவர் விழுந்துட்டார்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாரே தவிர, ஓரடி எடுத்து வைக்கவில்லை. ஓடி வந்து தூக்கிய கையோடு நான் கேட்டேன்: "உங்க அப்பாவா இருந்தாலும் இப்படித்தான் மரம் மாதிரி நிப்பீங்களா?" வராந்தா முழுக்கக் கேட்டது. அவர் பேசவில்லை. தாடை மட்டும் துடித்தது.

ஆட்டோவில் அப்பாதான் சொன்னார். "துப்பாக்கியக் கீழ வைக்கவும் கூடாது, எடத்த விட்டு நகரவும் கூடாது. அவன் என்னடா செய்வான்?"

பதக்கம் வாங்கியவர் அவர்தான்.

தைலப்பாட்டி பேத்தி
என் கதை சின்னது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் ஆபீசில் ஒரு குடும்பமே தீக்குளித்ததே, அதற்கப்புறம் திங்கட்கிழமை மனு கொடுக்கப் போனால் பையைக் கொட்டிப் பார்க்காமல் விடமாட்டார்கள். தஞ்சாவூரில் பாட்டியின் சுருக்குப்பையில் ஒரு பாட்டில். பெண் போலீஸ் மூடியைத் திறந்து முகர்ந்தார். முழங்கால் தைலம். பாட்டி திட்ட ஆரம்பிப்பதற்குள், ஒரு சொட்டைத் தன் மணிக்கட்டில் விட்டுத் தேய்த்துக்கொண்டே, "காலையில ஆறு மணியிலேர்ந்து நிக்கிறேன் பாட்டி, காலுக்கும் கேக்குமா?" என்றார். பாட்டி பாட்டிலையே கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். மனு என்ன ஆச்சு என்று கேட்காதீர்கள்.

சட்டம் தெரிந்தவன்
முதலில் ஒன்று. இவர்கள் ஆயுதப்படைக்காரர்கள். இன்று கருவூலம், நாளை கோர்ட்டு, அடுத்த வாரம் கோயில் திருவிழா. ஒரே கட்டடத்துக்கென்றே வாழ்ந்த படை என்றால் நாடாளுமன்றக் காவலைச் சொல்லலாம். 1929 ஏப்ரல் 8இல் பகத்சிங்கும் படுகேஷ்வர் தத்தும் தில்லியில் அன்றைய மத்திய சட்டசபையில் குண்டு வீசினார்கள், அந்த வருஷமே அவைத் தலைவர் வித்தல்பாய் படேல் முன்கையெடுத்து அமைத்தது. 'வாட்ச் அண்டு வார்டு' என்ற பெயரே 2009 வரை இருந்தது. 2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்றத் தாக்குதலில், சந்தேகப்பட்ட காரின் பின்னால் ஓடிய அந்தப் படையின் ஜகதீஷ் பிரசாத் யாதவ் கையில் ஆயுதமே கிடையாது. இறந்த பிறகு அசோக் சக்ரா கொடுத்தார்கள். 2024 மே மாதம் அங்கே பாதுகாப்பு, மத்திய தொழிற் பாதுகாப்புப் படை கைக்குப் போய்விட்டது. மரியாதை என்றால் அவர்களைப் பற்றிப் பேசுங்கள்.

என் அனுபவம்: கலெக்டர் ஆபீஸ் வாசலில் என் குடையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெளியே வரும்போது வேறு குடை கொடுத்தார்கள்.

வேதாரண்யம் உப்பு
மேலே உள்ளவருக்கு: ஓடிச் செத்தால்தான் மரியாதையா? என் அப்பா 25 வருஷம் முடித்து எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு உதவி ஆய்வாளர்) ஆனவர். பாதி நாள் பாராதான். இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும், நாலு மணி நேரம் ஓய்வு, மறுபடி நிற்க வேண்டும். கஜா புயல் அடித்த ராத்திரி, 2018 நவம்பர் 15 விடிந்தால் 16, அவர் பாராவில் இருந்தார். எங்கள் கொல்லையில் பதினாலு தென்னையும் சாய்ந்து, ஒன்று சமையல்கட்டின் மேல் விழுந்தது. மூன்றாம் நாள்தான் வந்தார். திண்ணையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். பாதம் ஊறி, வெந்த கிழங்குத் தோல் மாதிரி வெளுத்து உரிந்திருந்தது. அம்மா அழுதது தென்னைக்கா அந்தக் காலுக்கா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அவருக்கும் பதக்கம் உண்டு. மாசம் 400 ரூபாய் படி.

அஞ்சல்காரன்
ஓடம்போக்கிக்கரை சார், பெரியவர்களை ஏன் மழையில் இழுத்துக்கொண்டு போகிறீர்கள்? போஸ்ட்மேனிடம் சொன்னால் வீட்டுக்கே வந்து கைரேகை வைத்து டிஜிட்டல் உயிர்வாழ் சான்று போட்டுத் தருவார். 70 ரூபாய்தான். ஆதார், பிபிஓ (ஓய்வூதிய ஆணை) எண், பேங்க் பாஸ்புக், செல்போன் கையில் இருக்கட்டும். கைரேகை விழவில்லை என்றால் கையை வெந்நீரில் கழுவித் துடைத்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள். மருதாணி போட்டிருந்தால் சில சமயம் தகராறு பண்ணும். மதியத்துக்கு மேல் கூப்பிடுங்கள், காலையில் பட்டுவாடா இருக்கும். எனக்குப் பாரா போலீஸோடு அனுபவம் எதுவும் இல்லை.

ஓடம்போக்கிக்கரை
நன்றி சார். அப்பா போன வருஷம் தவறிவிட்டார். இப்போது அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம். போஸ்ட்மேனை வரச்சொல்லலாம்தான். அம்மாவை நேரிலேயே கூட்டிப்போகலாம் என்று இருக்கிறேன். அவர் அங்கேயே இருக்கிறாரோ, மாற்றிவிட்டார்களோ.