ஒரே கோர்ட், இரண்டு மணி நேரம், பன்னிரண்டு பேர்

(குடும்பக் குழு, வியாழன் மாலை)

நான்: ஞாயிறு காலை 6 முதல் 8 வரை டென்னிஸ் கோர்ட் கிடைத்துவிட்டது. ஒன்றுதான் கிடைத்தது. 70வது பிறந்தநாளுக்குப் பெரியப்பா கேட்டது ஒரே விஷயம், எல்லோரும் ஆட வேண்டும், யாரும் ஓரமாக உட்காரக் கூடாது. பெரியம்மாவைத் தவிர, குட்டிகள் இரண்டு பேரையும் சேர்த்து 12 பேர். எப்படி ஆடலாம், சொல்லுங்கள்.

சித்தப்பா: அருமை

தம்பி: நானும் பெரியப்பாவும் சிங்கிள்ஸ். மூன்று செட்.

பெரியம்மா: முழங்கால்.

பெரியப்பா: முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. டென்னிஸ் என்றால் மூன்று செட்தான்.

அக்கா (பெரியப்பா மகள்): அப்பா, நீங்கள் இரண்டு பேரும் மூன்று செட் ஆடினால் மீதிப் பத்துப் பேர்?

சித்தப்பா: பந்து பொறுக்கலாம்

அம்மா: அதைத்தான் இருபது வருடமாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

அப்பா: இது எதற்கு இப்போது

மாமா: மச்சான், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். மூன்று செட் எப்போது முடியும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. 2010 விம்பிள்டனில் இஸ்னரும் மஹூவும் ஆடியது 11 மணி 5 நிமிடம், மூன்று நாள், கடைசி செட் மட்டும் 70-68. அதற்கு அப்புறம்தான் 2019ல் விம்பிள்டன் கடைசி செட்டில் 12-12 வந்தால் டை பிரேக், அதாவது புள்ளிகளை எண்ணி செட்டை முடிக்கும் ஆட்டம், என்று வைத்தது, 2022ல் நான்கு கிராண்ட்ஸ்லாம் பெரும்போட்டிகளும் 6-6ல் பத்துப் புள்ளி டை பிரேக் என்று ஒன்றாக மாறின. டை பிரேக்கே 1970ல் அமெரிக்க ஓப்பனில் வந்ததுதான், அதற்கு முன் கிராண்ட்ஸ்லாமில் அது கிடையாது. ஆட்டத்தை நேரத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப மாற்றுவது டென்னிஸைக் கெடுப்பது ஆகாது, பெரியவர்களே மாற்றியிருக்கிறார்கள். நம் ஆளுக்கு ஃபாஸ்ட் ஃபோர் சரியாக வரும். நான்கு கேம் எடுத்தால் செட். 3-3 வந்தால் ஐந்து புள்ளி டை பிரேக், அதிலும் 4-4 என்றால் அடுத்த ஒரே புள்ளி. டியூஸ், அதாவது 40-40, வந்தால் அட்வான்டேஜ் கிடையாது, ஒரே புள்ளியில் கேம் முடியும். சர்வ் வலையில் உரசி சரியான கட்டத்தில் விழுந்தால் திரும்பப் போட வேண்டாம், ஆட்டம் தொடரும். ஆஸ்திரேலியாவில் ஆரம்பித்தது. 2017ல் மிலானில் இளம் வீரர்களுக்கான போட்டியையும் இப்படி நான்கு கேம் செட்டாகத்தான் நடத்தினார்கள்.

சித்தப்பா: அத்தான், சுருக்கமாக?

மாமா: ஒரு செட் அரை மணிக்குள் முடியும்.

சித்தப்பா: சரி

பெரியப்பா: வலையில் உரசின சர்வை எல்லாம் ஆட முடியாது. அது நியாயமே இல்லை.

அத்தை: அண்ணா, நியாயம் பற்றி நீங்களும் இவரும் பேச ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

பெரியப்பா: நான் அந்த மழை நாளைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

அக்கா: சொல்லிவிட்டீர்கள் அப்பா

தம்பி: எந்த மழை நாள்?

அப்பா: நீ பிறப்பதற்கு முன்பு. விடு.

நான்: பேச்சு ஞாயிறுக்கு வரட்டும். டபுள்ஸ் ஆடினால் ஒரு நேரத்தில் நான்கு பேர் உள்ளே இருக்கலாம்.

பெரியப்பா: டபுள்ஸ் வயதானவர்கள் ஆட்டம்.

அத்தை: அண்ணா, சிங்கிள்ஸில் ஒருவர் 8.23 மீட்டர் அகலத்தைத் தனியாகக் காக்க வேண்டும். டபுள்ஸில் 10.97 மீட்டரை இரண்டு பேர் பங்கு போடுகிறார்கள், ஆளுக்கு ஐந்தரை. ஓட்டம் குறைகிறது, ஆனால் கண்ணும் கையும் இரண்டு மடங்கு வேலை செய்ய வேண்டும். அதனால்தான் நவரத்திலோவா 2006ல் 50 வயதைத் தொட ஒரு மாதம் இருக்கும்போது அமெரிக்க ஓப்பன் மிக்ஸட் டபுள்ஸ் ஜெயித்தார். போபண்ணா 43 வயதில் 2024 ஆஸ்திரேலிய ஓப்பன் டபுள்ஸ் எடுத்தார். இதைக் குறைத்துப் பேசாதீர்கள்.

பெரியம்மா: நன்றாகச் சொன்னாய்.

சித்தப்பா: எல்லோரும் பேடல் ஆடலாமே, இப்போது எங்கே பார்த்தாலும் அதுதான்

தம்பி: ஆமாம் பேடல்!

மாமா: அதற்குத் தனிக் கோர்ட் வேண்டும் தம்பி. 20 மீட்டருக்கு 10, சுற்றிலும் கண்ணாடிச் சுவரும் கம்பி வலையும். சுவரில் பட்டு வரும் பந்தையும் அடிக்கலாம், சர்வ் இடுப்புக்குக் கீழே. 1969ல் மெக்சிகோவில் அகாபுல்கோவில் ஒருவர் தன் வீட்டு வளாகத்தில் கட்டியதிலிருந்து வந்தது. எண்ணிக்கை மட்டும் நம் டென்னிஸ் மாதிரியே 15, 30, 40.

சித்தப்பா: பிக்கிள்பால்?

நான்: சித்தப்பா, ஞாயிறு டென்னிஸ் கோர்ட்தான் கிடைத்திருக்கிறது.

சித்தப்பா: சரி சரி

தம்பி: பெரியண்ணன் சக்கர நாற்காலியில் எப்படி ஆடுவான்? நாம் மெதுவாக அடிக்க வேண்டுமா?

பெரியண்ணன்: என்னையே கேட்கலாம்.

தம்பி: மன்னித்துக்கொள் அண்ணா

பெரியண்ணன்: பரவாயில்லை, கேட்டது நல்லதுதான். ஒரே ஒரு விதிதான் வேறு. பந்து என் பக்கம் இரண்டு முறை துள்ளலாம், எனக்கு இரண்டு துள்ளல் உண்டு. முதல் துள்ளல் கோட்டுக்குள் இருக்க வேண்டும், இரண்டாவது கோட்டுக்கு வெளியே விழுந்தாலும் பரவாயில்லை. கோர்ட் அளவு, வலை உயரம், பந்து, எண்ணிக்கை எல்லாம் உங்களுக்கு இருப்பதுதான். நடந்து ஆடுகிறவரும் சக்கர நாற்காலியில் ஆடுகிறவரும் ஒரே அணியில் ஆடலாம் என்று டென்னிஸ் விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது, எனக்கு இரண்டு துள்ளல், கூட ஆடுகிறவருக்கு ஒன்று. யாரும் மெதுவாக அடிக்க வேண்டாம். மெதுவாக வருகிற பந்துதான் எனக்குக் கஷ்டம், அது வலைக்குப் பக்கத்தில் செத்து விழும், நான் திரும்பி உருட்டிக்கொண்டு வருவதற்குள் மூன்றாவது துள்ளலும் போய்விடும். நீளமாக அடியுங்கள்.

அத்தை: நீ என் பார்ட்னர். இப்போதே சொல்லிவிட்டேன்.

பெரியண்ணன்: சரி அத்தை. வலை உங்களுடையது, பின்கோடு என்னுடையது.

தம்பி: அப்படியானால் உங்கள் இரண்டு பேரோடும் நான் தனியாக ஆடுகிறேன்

மாமா: அதற்கும் ஒரு ஆட்டம் இருக்கிறது, கனடியன் டபுள்ஸ் என்பார்கள். நீ அவர்கள் பக்கம் டபுள்ஸ் கோடு வரை அடிக்கலாம், அவர்கள் உன் பக்கம் சிங்கிள்ஸ் கோட்டுக்குள்தான் அடிக்க வேண்டும். மூன்று பேர் மட்டும் இருக்கும்போது அருமையான ஆட்டம், கேமுக்குக் கேம் தனி ஆளை மாற்றிக்கொண்டே போகலாம். உனக்கு நன்றாக மூச்சு வாங்கும்.

தம்பி: வாங்கட்டும்

அக்கா: என் இரண்டு குட்டிகளுக்கு என்ன? ஒன்றுக்கு 6, ஒன்றுக்கு 9. போன முறை மஞ்சள் பந்து பெரியவளின் தலைக்கு மேலே எகிறிப் போனது, பாவம், ஒன்றுகூடத் தொடவில்லை, வீட்டுக்கு வந்து ராக்கெட்டைக் கட்டிலுக்கு அடியில் போட்டவள் இன்னும் எடுக்கவில்லை.

மாமா: அவள் மேல் தப்பே இல்லை. நம் மேல்தான் தப்பு. சின்னவனுக்குச் சிவப்புப் பந்து, மஞ்சளைவிட 75 சதவீதம் மெதுவானது, கோர்ட் 11 மீட்டர் நீளம், வலை 80 சென்டிமீட்டர். பெரியவளுக்கு ஆரஞ்சு, 50 சதவீதம் மெதுவு, கோர்ட் 18 மீட்டர். அதற்கு அடுத்தது பச்சை, 25 சதவீதம் மெதுவு, முழு கோர்ட். 2012லிருந்து பத்து வயதுக்கு உட்பட்டவர்களின் போட்டியில் மஞ்சள் பந்தே கூடாது என்று உலக டென்னிஸ் சம்மேளனம் விதி போட்டுவிட்டது. பந்து அவர்கள் இடுப்பு உயரத்துக்கு வந்தால்தான் அடிக்கிற முறையே சரியாக வரும். இன்னொரு வசதி, டபுள்ஸ் கோட்டுக்குக் கோடு 10.97 மீட்டர் அல்லவா, அதாவது நம் கோர்ட்டின் அகலமே சிவப்புப் பந்துக் கோர்ட்டின் நீளம். குறுக்கே ஒரு நாடாவைக் கட்டினால் போதும், வலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. முதல் அரை மணி எல்லோரும் குறுக்கே ஆடுவோம், பெரியவர்களும்தான்.

பெரியப்பா: சிவப்புப் பந்தில் நானா? குழந்தைகள் பந்து மாப்பிள்ளை அது.

மாமா: முழங்காலுக்கு நல்ல பந்து மச்சான்.

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அக்கா: அப்பா, பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள். அவள் சொல்வதை அப்படியே எழுதுகிறேன். "தாத்தா நீங்கள் என் டீம். ஆரஞ்சுப் பந்து. நான் முன்னாடி நிற்பேன்."

பெரியப்பா: சரி கண்ணு.

பெரியப்பா: ஆரஞ்சு அவளோடு ஆடும்போது மட்டும். மற்றபடி பச்சைக்குக் கீழே இறங்க மாட்டேன்.

பெரியம்மா: பச்சையே போதும்.

அம்மா: எனக்கும் ஒரு இடம் வையுங்கள்.

அப்பா: நீயா?

அம்மா: ஆமாம், நான்தான். எல்லோரும் ஆட வேண்டும் என்றுதானே பெரிய அத்தான் சொன்னார்.

அப்பா: இல்லை, நீ ஆசைப்பட்டதே இல்லையே

அம்மா: யாரும் கேட்டதில்லை. சர்வ் மட்டும் வராது, தலைக்கு மேலே போட்டால் பந்து ஒரு பக்கம், கை ஒரு பக்கம்.

மாமா: தங்கச்சி, கீழ்க்கை சர்வ் முழுக்க முழுக்க விதிப்படி சரி. பந்து தரையில் படுவதற்கு முன் ராக்கெட்டில் பட வேண்டும், அவ்வளவுதான், எந்த உயரத்தில் அடிக்க வேண்டும் என்று டென்னிஸில் இல்லை. மைக்கேல் சாங் 1989 பிரெஞ்ச் ஓப்பனில் லெண்டலுக்கு எதிராகவே போட்டிருக்கிறார், தசைப்பிடிப்போடு ஆடி ஜெயித்தார். யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

அம்மா: அப்படியா அண்ணா! அப்படியானால் நான் ஆடுகிறேன்.

நான்: அம்மா, நீங்களும் நானும் ஒரு ஜோடி

அப்பா: நான் அவளோடு ஆடலாம் என்று நினைத்தேன்

அத்தை: முதலில் கேட்டவளுக்குத்தான் அண்ணா

சித்தப்பா: நான் யாரோடு?

மாமா: ஜோடிகளை விட அணிதான் நல்லது என்பேன். இரண்டு அணி, அணிக்கு ஆறு பேர். 1974ல் அமெரிக்காவில் டீம் டென்னிஸ் ஆரம்பித்தார்களே, பில்லி ஜீன் கிங் எல்லாம் சேர்ந்து, அந்த முறை. சிங்கிள்ஸ், டபுள்ஸ், மிக்ஸட் என்று ஒவ்வொரு செட்டுக்கும் ஆள் மாறும். எத்தனை செட் ஜெயித்தோம் என்பது கணக்கு இல்லை, எல்லா செட்டிலும் எடுத்த கேம்களின் கூட்டுத்தொகைதான் கணக்கு. 4-1 என்று தோற்கிறவர் எடுத்த அந்த ஒரு கேம்கூடக் கடைசியில் அணியை ஜெயிக்க வைக்கலாம். புதிதாக ஆடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல முறை நான் பார்த்ததில்லை. ஜெயித்தவர் உள்ளே, தோற்றவர் வெளியே என்கிற ஆட்டம் மட்டும் வேண்டாம், அதில் தம்பி ஒரு மணி நேரம் உள்ளே நிற்பான், தங்கச்சி இரண்டு நிமிடம்.

பெரியம்மா: நான் எண்ணிக்கை எழுதுகிறேன். நோட்டு இருக்கிறது.

அக்கா: யார் யார் எந்த அணி?

நான்: நாளைக்குப் போடுகிறேன்

பெரியப்பா: மாப்பிள்ளை எதிர் அணி. அது மட்டும் முடிவு.

மாமா: எனக்கும் அதுதான் ஆசை. மச்சான், ஒன்று கேட்கவா? அன்றைக்கு 6-6ல் மழை வந்ததே. ஞாயிறு கடைசியில் பத்துப் புள்ளி டை பிரேக் ஒன்று ஆடி அதை முடித்துவிடலாமா? கடைசி செட் 6-6க்கு இப்போது நான்கு கிராண்ட்ஸ்லாமிலும் அதுதான் விதி.

பெரியப்பா: 6-6 இல்லை. 7-5. நான் ஜெயித்தேன். உங்கள் சர்வில் 30-40, நான் கோட்டோரம் அடித்தேன், பந்து கோட்டில் பட்டது.

மாமா: ஒரு விரல் அகலம் வெளியே, மச்சான். இவளும்தானே பார்த்துத் தலையசைத்தாள்.

தம்பி: ஓ இதுதான் மழை நாளா

பெரியப்பா: தங்கச்சி தலையசைத்ததால்தான் நான் விட்டேன். இல்லாவிட்டால் விட்டிருக்க மாட்டேன்.

அத்தை: அண்ணா

அத்தை: நான் பந்தைப் பார்க்கவில்லை.

சித்தப்பா: என்ன?

அத்தை: பெரியண்ணன் அப்போது சின்னப் பையன், அம்பயர் நாற்காலியில் பாதி ஏறி நின்றான், விழுந்துவிடுவானோ என்று அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் இவர் என்னைப் பார்த்து "வெளியே, இல்லையா?" என்றார். எனக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் தலையசைத்துவிட்டேன். சொல்ல வேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்தேன், நாள் ஆக ஆகச் சொல்ல முடியவில்லை.

பெரியண்ணன்: கடைசியில் நானா காரணம்

அத்தை: உன்மேல் ஒன்றும் இல்லை கண்ணா.

அம்மா: இப்போதாவது சொன்னீர்களே.

(பதினைந்து நிமிடம் யாரும் எழுதவில்லை)

மாமா: மச்சான், அம்பயர் இல்லாத ஆட்டத்தில் அவரவர் பக்கக் கோட்டை அவரவர் சொல்ல வேண்டும், துளி சந்தேகம் இருந்தாலும் பந்து உள்ளே என்றுதான் சொல்ல வேண்டும். நான் இத்தனை பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எனக்கு அன்று சந்தேகம் இல்லாமல் இருந்திருந்தால் இவளைக் கேட்டிருக்க மாட்டேன். அதை இப்போதுதான் யோசிக்கிறேன்.

பெரியப்பா: சரி.

அக்கா: சரி என்றால்?

பெரியப்பா: சரி என்றால் சரி. படித்துவிட்டேன்.

நான்: நாடா, சிவப்புப் பந்து, ஆரஞ்சுப் பந்து யார் கொண்டு வருகிறீர்கள்?

மாமா: சிவப்பு என்னிடம் ஆறு இருக்கிறது. ஆரஞ்சு மூன்றுதான்.

தம்பி: பச்சை நான் கேட்டுப் பார்க்கிறேன்

சித்தப்பா: லெட், அதாவது வலையில் உரசின சர்வைத் திரும்பப் போடுவது, உண்டா இல்லையா, அது முடிவாகவில்லையே

பெரியப்பா: உண்டு.

மாமா: இல்லை என்பது என் கருத்து. குட்டிகள் ஆடும்போதாவது வேண்டாம்.

பெரியண்ணன்: ஓட்டெடுப்பு வையுங்கள்

அம்மா: மாடிச் சுவரில் கீழ்க்கை சர்வ் 20 அடித்தேன். 13 நான் போட்ட கோட்டுக்கு மேலே போனது.

அப்பா: சத்தம் கீழே கேட்டது. எதிர்ப்பக்கம் ஆள் இருந்தால் இன்னும் நன்றாக வரும். வருகிறேன்.

பெரியப்பா: மாப்பிள்ளை, டை பிரேக்கில் முதல் சர்வ் யாருடையது?

மாமா: யார் முறையோ அவர். 6-6 ஆன அந்தக் கேம் என் சர்வ், அதனால் அடுத்தது உங்களுடையது. முதல் ஒரு சர்வ் நீங்கள், அப்புறம் எனக்கு இரண்டு, உங்களுக்கு இரண்டு.

பெரியப்பா: நான் பொதுவாகத்தான் கேட்டேன்.