மீன் லோடு பிக்கப்புக்குப் பின்கதவு: கீழே இறக்குவதா, பக்கவாட்டில் திறப்பதா?

தங்கச்சிமடம் தம்பி:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். பழைய பொலேரோ பிக்கப் ஒன்று வாங்கியிருக்கிறேன். இஞ்சின் நன்றாக இருக்கிறது. பின்னால் தொட்டிதான் உப்பு அரித்து ஓட்டை ஓட்டையாகப் போய்விட்டது. அதனால் தொட்டியை மட்டும் புதிதாகக் கட்டப் போகிறேன். இராமேஸ்வரத்தில் படகு கரைக்கு வந்ததும் மீனும் ஐஸும் ஏற்றி, பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் கொண்டுபோவதுதான் வேலை. வியாபாரி கேட்டால் மதுரை வரைக்கும் போவேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். 61 நாளும் விசைப்படகு கடலுக்குப் போகாது, ஆனால் வண்டித் தவணை கட்டியாக வேண்டும். அப்போது பைப், சவுக்குக் கம்பு, தென்னங்கீற்று என்று கிடைத்ததை ஓட்டுவேன்.

பட்டறையில் முதலில் கேட்டதே பின்கதவு எப்படி வேண்டும் என்றுதான். கீலை அடியில் வைத்துக் கதவைக் கீழே இறக்குவதா, பீரோ கதவு மாதிரி பக்கவாட்டில் திறப்பதா? எங்கள் சித்தப்பா பக்கவாட்டுக் கதவுதான் என்கிறார். ஐஸ் பாரை இழுக்கும்போது வண்டியை ஒட்டி நிற்கலாம் என்பது அவர் கணக்கு. கூட ஓட்டுகிற பையன்கள் எல்லாரும் இறக்கும் கதவு என்கிறார்கள். தொட்டி அகலம் சுமார் 5.5 அடி. தரையிலிருந்து தளம் 2.5 அடி இருக்கும். கதவு இப்போதைக்கு 1.5 அடி உயரம் போதும், பிறகு கம்பி அடித்து உயர்த்தலாம் என்றும் ஒரு எண்ணம் இருக்கிறது. பட்டறைக்காரர் தகடு வெட்டுவதற்கு முன்னால் முடிவு சொல்ல வேண்டும்.

மண்டபம் ஓட்டுநர்:

இறக்கும் கதவுதான் தம்பி, யோசிக்கவே வேண்டாம். 20 அடி பைப் ஏற்றும் அன்றைக்குத் தெரியும். சங்கிலி மாட்டிக் கதவை மட்டமாக நிறுத்தினால் பைப்பின் பின்பகுதி அதில் படுத்துக்கொள்ளும். பக்கவாட்டுக் கதவை என்ன செய்வீர்கள்? திறந்தே கட்டிக்கொண்டு போக வேண்டும். நுனியில் சிவப்புத் துணி கட்ட மறக்காதீர்கள், ராத்திரி என்றால் சிவப்பு விளக்கு.

கீழக்கரை பட்டறை:

தம்பி, நான் கீழக்கரையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். மீன் வண்டி, உப்பு வண்டி, கரி மூட்டை ஏற்றுகிற வண்டி எல்லாவற்றுக்கும் தொட்டி கட்டியிருக்கிறேன். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கதவு விஷயத்தில் பாதிப் பேச்சு இன்டர்நெட்டில் வெளிநாட்டு வண்டியைப் பார்த்துவிட்டு வருகிறது.

அமெரிக்கப் பிக்கப்பில் பின்கதவு உயரமானது, கீழே பம்பரும் நீட்டிக்கொண்டிருக்கும். கதவை இறக்கினால் மட்டமாக நின்றுவிடும், அதற்குமேல் போகாது. ஆள் இரண்டு அடி தள்ளி நின்று எட்டி எடுக்க வேண்டும். அதனால்தான் ஹோண்டா ரிட்ஜ்லைனில் ஒரே கதவு கீழேயும் இறங்கும், பக்கவாட்டிலும் திறக்கும். ராம் 1500-இல் 60:40 என்று பிரிந்து திறக்கிற கதவும் வந்தது. அவர்களுக்கு அது தேவை. நம் பிக்கப், குட்டி யானை என்கிற டாடா ஏஸ் எல்லாவற்றிலும் கதவு குட்டை. சங்கிலியைக் கழற்றினால் முழுதாகக் கீழே தொங்கிவிடும். நீங்கள் தளத்தில் வயிறு படும்படி நின்று ஐஸ் பாரை இழுக்கலாம். சித்தப்பா சொல்கிற சிரமம் 1.5 அடிக் கதவில் கிடையவே கிடையாது.

அவர் சொல்வது எப்போது சரியாகும் என்றால், கதவை நீங்கள் உயர்த்தும்போது. தளம் 2.5 அடி என்றால் கதவு 2 அடிக்கு மேல் போகக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். லோடு ஏறினால் அடியில் இருக்கிற ஸ்பிரிங் பட்டை அமுங்கித் தளம் இறங்கும். கடற்கரை மணலில் டயர் புதைந்தால் இன்னும் இறங்கும். அப்போது தொங்குகிற கதவின் நுனி தரையில் குத்தும், கீல் வளையும். ஆகவே உயர்த்துவதாக இருந்தால் ஒரே கதவாக உயர்த்த வேண்டாம். கீழே 1.5 அடி இறக்கும் கதவு, அதற்கு மேலே கம்பி அடித்த இரண்டு பக்கவாட்டுக் கதவு. மேல் கதவுகளைக் கொண்டியோடு கழற்றி எடுக்கிற மாதிரி வைத்தால் பைப் ஏற்றும் நாளில் வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம்.

5.5 அடிக்கு ஒற்றைப் பக்கவாட்டுக் கதவு மட்டும் வேண்டவே வேண்டாம். முழு எடையும் ஒரு ஓரத்துக் கீலில் தொங்கும், போகப் போகப் பூட்டுப் பக்கம் சரியும். அப்புறம் ஒவ்வொரு தடவையும் கதவைத் தூக்கிப் பிடித்துத்தான் தாழ்ப்பாள் போட வேண்டும். படகுத்துறையில் வண்டிகள் நெருக்கி நிற்கும்போது அவ்வளவு அகலக் கதவைச் சுழற்ற இடமும் இருக்காது. இன்னொன்று, மேடை உள்ள ஏலக்கூடத்தில் பின்பக்கமாக வண்டியை ஒட்டினால் பக்கவாட்டுக் கதவை முன்கூட்டியே திறந்து மடக்கியிருக்க வேண்டும். இறக்கும் கதவை மேடைமேல் சாய்த்தால் அதுவே பாலமாகிவிடும், பெட்டியைத் தள்ளிக்கொண்டே போகலாம்.

இப்போது கீல். எனக்கு இதுதான் முக்கியம், இதைத்தான் யாரும் கேட்பதில்லை. இறக்கும் கதவின் கீல் தொட்டியின் ஆகத் தாழ்ந்த இடத்தில் இருக்கிறது. ஐஸ் உருகிய தண்ணீரும் மீன் தண்ணீரும் நேராக அங்கேதான் வந்து நிற்கும். நம் ஊர் வண்டியில் கதவு போவதில்லை, கீல்தான் போகிறது. தளத்தைக் கதவை நோக்கிச் சாய்க்காமல், கதவுக்கு அரை அடி முன்னாலேயே குறுக்கே ஒரு வாய்க்கால் விட்டு, அதிலிருந்து குழாய் இறக்கி ஒரு கேனில் பிடியுங்கள். பாம்பன் பாலத்தில் மீன் தண்ணீர் ஒழுகவிட்டுப் போகிற வண்டிக்குப் பின்னால் வருகிற இருசக்கர வண்டிக்காரரை நினைத்துப் பாருங்கள். வழுக்கி விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

கீல் பின்னுக்கு எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், போடச் சொல்வார்கள். போடலாம், ஆனால் 304 ரகம் கடற்காற்றில் பழுப்புக் கறை பிடிக்கும். 316 கிடைத்தால் அதை வாங்குங்கள். எஸ்.எஸ். பின்னைச் சாதாரண இரும்புக் குழாய்க்குள் நேராகச் செருகக் கூடாது. நடுவில் உப்புத்தண்ணீர் நின்றால் இரும்புதான் சீக்கிரம் அரிக்கும். நடுவே நைலான் புஷ் (உறை வளையம்) போட்டு, ஒவ்வொரு கீலுக்கும் கிரீஸ் அடிக்கிற நிப்பிள் வையுங்கள். லோடு இறக்கியதும் நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு கிரீஸ் அடித்தால், உள்ளே நிற்கிற உப்புத்தண்ணீரை கிரீஸே வெளியே தள்ளும்.

ஒரு எச்சரிக்கை. கதவை முழுதாகத் தொங்கவிட்டால் நம்பர் பிளேட்டும் பின் விளக்கும் மறையும். நிறுத்தி லோடு இறக்கும்போது சரி. இரண்டு தெருதானே என்று அப்படியே ஓட்டாதீர்கள்.

தொண்டி நண்டு:

பட்டறை அண்ணன் சொன்னது திறந்த தொட்டிக்குச் சரி. நான் நண்டும் இறாலும் ஏற்றுகிறவன், என் வண்டி மூடிய பெட்டி. அதற்குப் பக்கவாட்டு இரட்டைக் கதவைத் தவிர வேறு வழியில்லை. மூடிய பெட்டியில் ஆள் உயரக் கதவைக் கீழே இறக்கவா முடியும்? ஒரு கதவை மட்டும் திறந்து இரண்டு பெட்டியை எடுத்துவிட்டு உடனே மூடலாம், குளிர் முழுதும் வெளியே போகாது.

ஆனால் காற்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனி, ஆடியில் நம் பக்கம் அடிக்கிற காற்றில் திறந்த கதவு சும்மா நிற்காது. கை விரல் நசுங்கியவர்களை எனக்குத் தெரியும். பக்கவாட்டுக் கதவு வைத்தால் 270 டிகிரி சுற்றி வந்து பெட்டியின் பக்கச் சுவரோடு ஒட்ட வேண்டும், அங்கே ஒரு கொக்கியும் வேண்டும். பாதியில் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்க்கக் கூடாது. திறக்கும்போது நேர் பின்னால் நிற்காதீர்கள். ஓட்டத்தில் பெட்டிகள் நகர்ந்து கதவில் சாய்ந்திருக்கும், தாழ்ப்பாளை எடுத்ததும் மேலே விழும்.

தங்கச்சிமடம் தம்பி:

அண்ணே, ரொம்ப நன்றி. நான் திறந்த தொட்டிதான், மேலே தார்ப்பாய். அப்போது கீழே 1.5 அடி இறக்கும் கதவு, மேலே கழற்றுகிற இரட்டைக் கதவு என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு சந்தேகம். கதவை மட்டமாக நிறுத்தும்போது அதன்மேல் ஆள் ஏறி நிற்கலாமா? மேல் கதவு இரண்டில் எதை முதலில் திறக்கிற மாதிரி வைப்பது?

கீழக்கரை பட்டறை:

சங்கிலியை நம்பி நுனியில் ஏறி நிற்காதீர்கள் தம்பி. ஒரு ஐஸ் பாரே சுமார் 50 கிலோ, அதைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆளும் நின்றால் கொக்கி வெல்டிங் விட்டுவிடும். மேடைமேல் கதவு படிந்து கிடந்தால் ஏறலாம். ஏறி இறங்குவதற்கு இடது மூலையில் தனியாக ஒரு படி வைக்கச் சொல்லுங்கள். சங்கிலிக்கு ரப்பர் குழாய் போர்த்தினால் பெயின்ட் உரியாது. பெயின்ட் உரிகிற இடத்தில்தான் துரு தொடங்கும்.

மேல் கதவில் இடது பக்கத்தை முதலில் திறக்கிற மாதிரி வையுங்கள். நாம் சாலையில் இடது ஓரமாக நிறுத்துகிறோம், ஆளும் ஓரத்திலிருந்தே எடுக்கலாம். வலது கதவு மூடியே இருக்கும், வண்டிகள் போகிற பக்கம் எதுவும் நீட்டாது. தகடு வெட்டுவதற்கு முன் பழைய தொட்டியில் முழு லோடு ஏற்றி, பின்பக்கம் தரையிலிருந்து தளத்தின் உயரத்தை ஒரு தடவை அளந்துவிடுங்கள். வெறும் வண்டியில் எடுத்த 2.5 அடியை வைத்துக் கதவு போட வேண்டாம்.