பொட்டு போன பிறகு: வளர்ப்பு எலியின் நோயும் பிரிவும்

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் வளர்த்துவந்த இரண்டு பெண் எலிகளில் மூத்தவளான பொட்டு, ஒன்பது நாள்களுக்கு முன்பு இறந்துவிட்டாள். அவளுக்கு வயது இரண்டு ஆண்டும் இரண்டு மாதமும். வெள்ளை உடம்பில் நெற்றியில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி இருந்ததால் அந்தப் பெயர். எலிகளை வளர்த்தவர்கள் படிக்கும் இடம் என்பதால் இங்கே எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஐந்து வாரங்களுக்கு முன்பு, அவள் மூச்சு விடும்போது மெல்லிய கறகறப்பு கேட்கத் தொடங்கியது. அதற்கு முன்பே கண்ணோரத்தில் செந்நிறமாக ஏதோ படிந்திருந்தது. கீறல் என்று நினைத்து நான்கு நாள்கள் விட்டுவிட்டேன். மருத்துவர் நுரையீரல் தொற்று என்று சொல்லி, டாக்சிசைக்ளினும் என்ரோஃப்ளாக்சசினும் எழுதிக் கொடுத்தார். ஊசி கழற்றிய சிரிஞ்சில் மருந்தை அளந்து, மசித்த வாழைப்பழத்தில் கலந்து, காலையும் இரவும் கொடுத்தேன். முதல் வாரம் என் விரலை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு நக்கினாள். மூன்றாம் வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். 310 கிராம் இருந்தவள் 265 கிராமுக்கு இறங்கினாள். கடைசி இரண்டு நாள்களும் ஒவ்வொரு மூச்சுக்கும் விலாப்பக்கம் குழிந்து குழிந்து எழுந்தது. படுத்தால் மூச்சு முட்டியதால், கூண்டுக் கம்பியில் மூக்கைச் சாய்த்து உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தாள். அன்று மாலை மருத்துவர் சொன்னதன் பேரில் கருணைக்கொலைக்குச் சம்மதித்தேன். அந்தச் சொல்லின் பின்பாதிதான் இப்போது என்னைத் தூங்கவிடவில்லை.

நோயைக் கவனிக்கத் தாமதித்துவிட்டேன் என்றும், முடிவை அவசரப்பட்டு எடுத்துவிட்டேன் என்றும், இரண்டு குற்ற உணர்வுகளும் ஒருசேர வருகின்றன. நான் அந்த நான்கு நாள்களை வீணாக்காமல் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளா? உடன் இருந்த சுண்டு, பொட்டு படுத்திருந்த துணிக்குள்ளேயே ஒடுங்கிக் கிடக்கிறாள். அவளுக்கு என்ன செய்வது? “ஓர் எலிக்காகவா இப்படி அழுகிறாய்?” என்று வீட்டார் கேட்கும்போது என்ன சொல்வது?

மறுமொழி 1

உங்கள் இழப்புக்கு ஆழ்ந்த வருத்தம். பல ஆண்டுகளாக எலிகளை வளர்த்து, ஒவ்வொன்றாகப் பறிகொடுத்தவன் என்ற முறையில் உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால், வளர்ப்பு எலிகளிடம் மிகப் பரவலாக இருக்கும் மைக்கோபிளாஸ்மா தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்தக் கிருமி பெரும்பாலும் தாயிடமிருந்தே குட்டிக்கு வந்துவிடும்; பல மாதங்கள் ஓசையின்றி உடம்பிலேயே தங்கியிருந்து, வயது ஏறி எதிர்ப்புச் சக்தி குறையும்போது நுரையீரலைத் தாக்கும். மருந்துகள் அதை அடக்கி வைக்குமே தவிர, உடம்பிலிருந்து முழுவதுமாக நீக்குவதில்லை. அதனால், உங்களிடம் வந்த நாளிலிருந்தே பொட்டு இந்த நோயைச் சுமந்திருக்கக்கூடும். அந்த நான்கு நாள்கள் அவளுக்குச் சில வாரங்களைக் கூட்டிக் கொடுத்திருக்குமா என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நோயை இல்லாமல் ஆக்கியிருக்காது.

கண்ணோரச் சிவப்பு இரத்தம் அன்று. எலியின் கண்ணுக்குப் பின்னால் உள்ள ஒரு சுரப்பி, போர்ஃபிரின் என்ற செந்நிறப் பொருளைச் சுரக்கிறது. நலமாக இருக்கும் எலி முகம் கழுவும்போதே அதையும் துடைத்துவிடும். உடம்புக்கு முடியாமலோ மன உளைச்சலிலோ இருக்கும்போது சுரப்பும் கூடுகிறது, துடைக்கும் தெம்பும் குறைகிறது, அப்போதுதான் அது நம் கண்ணில் படுகிறது. என் முதல் எலிக்கு வந்தபோது நானும் சண்டையில் பட்ட காயம் என்றே நினைத்து, தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். பிற விலங்குகளுக்கு இரையாகும் உயிர்கள் நோயை மறைக்கும் இயல்புடையவை; தளர்ந்தது முதலில் பிடிபடும் என்பதால் அவை கடைசிவரை நன்றாக இருப்பதுபோலவே நடமாடும். அந்த மறைப்பு உங்களிடமும் பலித்தது என்பதற்காக உங்களைக் கவனக்குறைவானவர் என்று சொல்ல நான் சம்மதிக்க மாட்டேன்.

மறுமொழி 2

நான் சிறு விலங்குகளுக்கான சிகிச்சை அறையில் உதவியாளராகப் பணிபுரிகிறேன். நீங்கள் அன்று மாலை எடுத்த முடிவைப் பற்றி மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

முறையாகச் செய்யப்படும்போது, எலியை முதலில் மயக்க வாயுவால் ஆழ்ந்த உறக்கத்துக்குக் கொண்டுபோய், தொட்டாலும் கிள்ளினாலும் உணர்வில்லை என்று உறுதி செய்த பிறகே கடைசி ஊசியைப் போடுவோம். உட்கார்ந்தபடியே தூங்க வேண்டிய நிலைக்கு வந்த எலி, காற்றுக்காக ஒவ்வொரு நொடியும் உடம்பு முழுவதையும் வருத்திக்கொண்டிருக்கிறது. எலிகளின் முகத்தைக் கொண்டே வலியை அளக்கும் முறை ஒன்று 2011 முதல் இருக்கிறது: கண் இடுங்குவது, மூக்கும் கன்னமும் உப்பலிழந்து தட்டையாவது, காது மடங்கிச் சுருண்டு முன்னோக்கியோ வெளிப்புறமாகவோ திரும்புவது, மீசை விறைப்பது ஆகியவற்றைப் பார்ப்பார்கள். கடைசி நாள்களில் எடுத்த படம் ஏதேனும் உங்களிடம் இருந்தால், மனம் ஆறிய பிறகு ஒருநாள் அதை எடுத்துப் பாருங்கள். அவளுடைய முகமே உங்களுக்குப் பதில் சொல்லும் என்று நினைக்கிறேன். நீங்கள் காத்திருந்திருந்தால் அன்றிரவோ மறுநாளோ மூச்சுத் திணறித்தான் அது முடிந்திருக்கும். அப்படி முடிந்தவர்களின் அழுகையையும் நான் பார்த்திருக்கிறேன்.

சுண்டுவைப் பற்றி ஒரு வேண்டுகோள். அந்தத் துணியை இப்போதைக்கு எடுக்காதீர்கள். கூண்டையும் ஒரே நாளில் முழுவதுமாகக் கழுவிவிடாமல், சிறுநீரில் நனைந்த படுக்கையை மட்டும் அவ்வப்போது மாற்றுங்கள், ஏனெனில் அதிலிருந்து எழும் அம்மோனியா நுரையீரலை எரிச்சலூட்டும். ஒரே கூண்டில் வாழ்ந்ததால் சுண்டுவிடமும் அதே கிருமி இருக்க வாய்ப்பு அதிகம். எனவே நாள்தோறும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காத்திருக்க வேண்டாம். எலிகள் கூட்டமாக வாழும் உயிர்கள் என்பதால் நீண்ட காலம் தனியே இருப்பது அவளுக்கு நல்லதன்று. புதிய துணையைக் கொண்டுவந்தால், முதல் இரண்டு வாரங்கள் வேறோர் அறையில் வைத்திருந்து, பிறகு இருவருக்கும் புதிதான ஓர் இடத்தில் பழக விடுங்கள்.

மறுமொழி 3

துணை கொண்டுவருவது பற்றி மேலே எழுதியவர் சொன்னது எலிக்குச் சரியே. ஆனால் உங்கள் மனம் அதற்குத் தயாராக இல்லையென்றால், சில வாரங்கள் சுண்டுவோடு நீங்களே கூடுதல் நேரம் இருப்பதிலும் தவறில்லை.

நான் வளர்த்தது ஒரு வெள்ளெலி. சிரிய வெள்ளெலிகள் தனித்தே வாழும் என்பதால், அவன் போன பிறகு என் அறையில் வேறு யாருமே இல்லை. இரவு பதினோரு மணிக்கு அவன் சக்கரத்தில் ஏறி ஓடத் தொடங்குவான். அந்தச் சத்தத்தில்தான் ஒன்றரை ஆண்டுகள் தூங்கினேன். அவன் இறந்த பிறகு பல இரவுகள் அதே நேரத்துக்கு விழிப்பு வந்தது. அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பார்கள் என்று பயந்தேன். சுற்றியிருப்பவர்கள் துக்கம் என்றே ஏற்காத துக்கத்தைப் பற்றி, கென்னத் டோகா என்ற அறிஞர் 1989-இல் ஒரு நூல் தொகுத்தார் என்பதைப் பிற்பாடு அறிந்தபோது, என் நிலைக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

வீட்டாருக்கு நீங்கள் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. “வாரக்கணக்கில் இரண்டு வேளையும் என் கையால் மருந்து கொடுத்தேன், அந்தக் கைக்கு இப்போது வேலை இல்லை” என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். நான் என் அம்மாவிடம் இதைப்போல ஒன்றைச் சொன்னபோது அவர் அதன் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

கேள்வி கேட்டவரின் பதில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. போர்ஃபிரின் பற்றிய பத்தியைப் பலமுறை படித்தேன். கடைசி நாள் எடுத்த படம் ஒன்று கைப்பேசியில் இருக்கிறது. நேற்றிரவு அதைத் திறந்து பார்த்துவிட்டேன். கண்கள் பாதிதான் திறந்திருந்தன, காதுகள் மடங்கிச் சுருண்டிருந்தன. அந்த மாலை இருந்த கலக்கத்தில் இதையெல்லாம் நான் பார்க்கவில்லை.

துணியை எடுக்கவில்லை. இன்று காலை சுண்டுவின் எடை 288 கிராம். பொட்டு இருந்தபோது பார்த்ததைவிட ஆறு கிராம் குறைவு. மூச்சில் சத்தம் இல்லை. இருந்தாலும் நாளை மருத்துவரிடம் காட்ட நேரம் வாங்கியிருக்கிறேன். மசித்த வாழைப்பழத்தை மருந்தில்லாமல் விரலில் வைத்து நீட்டினேன். சற்று நேரம் முகர்ந்து பார்த்துவிட்டு, துணியிலிருந்து வெளியே வந்து நக்கினாள்.