சிமுலேஷனில் இல்லாத காகிங் டார்க் சோதனையில் வந்து நிற்கிறது. மெஷ்ஷை எவ்வளவு நம்புவது?

டெஸ்ட்பெஞ்ச்:
12 ஸ்லாட் (நிலையான ஸ்டேட்டரில் பற்களுக்கு நடுவே சுருள் அமரும் பள்ளம்), 10 போல் (காந்த முனை), சுழலும் ரோட்டாரின் மேல்பரப்பில் காந்தம் ஒட்டிய சின்ன மோட்டார். வடிவமைத்தவர்கள் ஃபைனைட் எலிமென்ட்டில் (மோட்டாரை மெஷ் என்ற சின்னச் சின்னத் துண்டுகளின் வலையாகப் பிரித்துக் காந்தப்புலத்தைக் கணக்கிடும் முறை) ஓட்டிப் பார்த்துவிட்டு, காகிங் டார்க் (சுருளில் மின்னோட்டமே இல்லாதபோது கையால் சுற்றினால் ரோட்டார் தடுக்கித் தடுக்கிப் போகிறதே, அந்தச் சுழற்று விசை) கிட்டத்தட்ட இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். முதல் மோட்டார் கைக்கு வந்தது, சுற்றினேன், விரலுக்கே தெரிகிறது. டார்க் சென்சாரில் அளந்தால் அவர்கள் சொன்னதைப் போல ஏழெட்டு மடங்கு. இதற்குள் தகடு வெட்டும் அச்சுக்கும் ஆர்டர் போய்விட்டது.

எனக்கு இதில் உண்மையாகவே கோபம். கைக்கணக்கு, அப்புறம் ஒரு மாதிரி மோட்டார், அப்புறம் சோதனை என்ற வரிசையை ஏன் விட்டோம்? ஸ்லாட் வாயால் காற்று இடைவெளி (ரோட்டாருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவில் இருப்பது) எவ்வளவு அதிகமானதுபோல் ஆகும் என்பதை 1901-லேயே கார்ட்டர் ஒரே கெழுவில் அடக்கிக் கொடுத்துவிட்டார். இன்றும் அதுதான் முதல் கணக்கு. படத்தில் சிவப்பும் நீலமும் அழகாக வந்துவிட்டால் விடை சரி என்று ஆகிவிடாது.

மெஷ்காரன்:
கோபம் புரிகிறது. பழி போடும் முன் ஒன்று சொல்லுங்கள், டார்க் வளைவில் ஒரு முழுச் சுற்றுக்கு எத்தனை மேடு வருகிறது?

டெஸ்ட்பெஞ்ச்:
12. அதன் மேல் பொடிப்பொடியாக 60 மேடும் இருக்கிறது, ஆனால் மிகச் சிறியது.

மெஷ்காரன்:
அப்படியானால் அந்தச் சிமுலேஷன் பொய் சொல்லவில்லை. 12-க்கும் 10-க்கும் மீச்சிறு பொது மடங்கு 60, அதாவது காந்தமெல்லாம் ஒன்றுபோல், பல்லெல்லாம் ஒன்றுபோல் இருந்தால் சுற்றுக்கு 60 மேடுதான் வரும், அதுவும் சின்னதாகத்தான் வரும். உங்கள் அளவீட்டிலேயே அந்தச் சின்ன 60 இருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். மீதி 12 ரோட்டாரிலிருந்து வருகிறது. ஏதோ ஒரு காந்தம் இடம் மாறி ஒட்டியிருக்கிறது, அல்லது மற்றவற்றைவிட வலுவில் கூடக்குறைய இருக்கிறது. அந்த ஒரு காந்தம் சுற்றும்போது 12 ஸ்லாட்டைத் தாண்டும், அதனால் 12 மேடு. ஸ்டேட்டர் கோணலாகவோ ஒரு பல் மட்டும் வேறு மாதிரியாகவோ இருந்திருந்தால் அந்தப் பல்லை 10 போல் தாண்டிப் போகும், நீங்கள் 10 மேடு பார்த்திருப்பீர்கள்.

அவர்கள் பாதி மோட்டாரை மட்டும் வரைந்து, எல்லையில் எதிர்ச்சமச்சீர் நிபந்தனை வைத்து ஓட்டியிருப்பார்கள். 12/10-க்கு எல்லோரும் செய்வதுதான். 6 ஸ்லாட், 5 போல் வரைந்தால் போதும், நேரம் மிச்சம். ஆனால் மறுபாதியும் இதே மாதிரிதான் என்று மென்பொருளிடம் நாமே சொல்லிவிடுகிறோம், பிறகு ஒற்றைக் காந்தத்தின் கோளாறு அதில் எப்படி வரும்?

டெஸ்ட்பெஞ்ச்:
நான் சொல்வதும் அதுதானே! நாம் கேட்காததை அது சொல்லாது. சோதனையில் நான் எதையும் கேட்க வேண்டியதில்லை, இருப்பதெல்லாம் வந்து நிற்கும். பசையின் தடிமன், காந்தம் வாங்கிய தொகுதி, லேமினேஷனை (அடுக்கி வைக்கும் மெல்லிய எஃகுத் தகடு) வெட்டிய அச்சின் கூர்மை எல்லாம் சேர்த்துத்தான் சென்சார் காட்டுகிறது. வெட்டிய விளிம்பில் எஃகின் காந்த குணமே கெட்டுப்போகிறது. மென்பொருளில் போடும் பி-எச் வளைவு (எஃகு எவ்வளவு காந்தமாகும் என்று காட்டுவது) எப்ஸ்டைன் சட்டம் என்ற அளவீட்டுக் கருவியில் 30 மி.மீ. அகலப் பட்டைகளை வைத்து அளந்தது, மெல்லிய பல்லுக்கு அது எப்படிப் பொருந்தும்?

சுருள்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். டெஸ்ட்பெஞ்ச் சாரின் பக்கம்தான் நான், ஆனால் என் காரணம் வேறு. நான் பார்க்கும் மாடல்களில் பாதிக்கு மேல் காற்று இடைவெளியில் ஒரே அடுக்கு மெஷ் வைத்திருக்கிறார்கள். மேக்ஸ்வெல் அழுத்த முறையில் (காற்று இடைவெளியின் காந்தப்புலத்திலிருந்து விசையைக் கணக்கிடுவது) டார்க் எடுக்கும்போது அந்த இடத்தில்தான் பிழை குவிகிறது. ஆற்றல் ஒரு சதவீதத்துக்குள் நிலைத்துவிட்டது என்று மென்பொருள் சொன்னதும் விட்டுவிடுகிறார்கள். ஆற்றல் நிலைத்தாலும் டார்க் நிலைத்திருக்காது, ஏனென்றால் டார்க் என்பது கோணம் மாற மாற ஆற்றல் எவ்வளவு மாறுகிறது என்பதுதான், பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழித்து வரும் சின்ன எண். காகிங் இன்னும் சின்னது. குறைந்தது மூன்று நான்கு அடுக்கு வைத்து, மெஷ்ஷை மாற்றி மறுபடி ஓட்டி, அதே எண் வருகிறதா என்று பார்க்காமல் எந்த வளைவையும் நான் ஒப்புக்கொள்வதில்லை.

மெஷ்காரன்:
சுருள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இரும்பு இழப்பிலும் (எஃகில் வெப்பமாக வீணாகும் ஆற்றல்) நான் விட்டுக்கொடுக்கிறேன், வெட்டும் அழுத்தமும் சேர்ந்தால் கணக்கைவிட ஒன்றரை மடங்கு, சில சமயம் இரண்டு மடங்குகூட வருகிறது. அதைச் சோதனையில் பொருத்திக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் கைக்கணக்குக்குத் திரும்புவோம் என்பதை ஏற்க மாட்டேன். ரோட்டாருக்குள் காந்தத்தைப் புதைக்கும் மோட்டாரை எடுங்கள். 2004 பிரியஸில் 48 ஸ்லாட், 8 போல், காற்று இடைவெளி வெறும் 0.73 மி.மீ. காந்தத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் மெல்லிய இரும்புப் பாலம் செறிவடைந்தால்தான் (இனிமேல் காந்தமாக முடியாத அளவுக்கு நிறைந்தால்தான்) காந்தப் பாயம் வீணாகாமல் ஸ்டேட்டர் பக்கம் வரும், எவ்வளவு செறிவடைகிறது என்பது மின்னோட்டத்தோடு மாறும். இந்தச் செறிவுக்காகத்தானே 1970-இல் சில்வெஸ்டரும் சாரியும் இந்த முறையை மின்பொறிகளுக்குக் கொண்டுவந்தார்கள். இன்னொன்று, குறுக்குச் சுற்று ஏற்படும்போது காந்தத்தின் எந்த மூலை நிரந்தரமாக வலுவிழக்கும் என்று எந்த சென்சாரை உள்ளே வைத்துப் பார்ப்பீர்கள்? சோதனையில் அது தெரியும்போது காந்தம் போயிருக்கும்.

டெஸ்ட்பெஞ்ச்:
புதைத்த காந்தத்துக்குக் கைக்கணக்கு போதாது, சரி. ஆனால் அங்கும் நான் முதலில் கேட்பது காந்தத்தின் வெப்பநிலையைத்தான். நியோடிமியம் காந்தத்தின் வலு டிகிரிக்கு சுமார் 0.12 சதவீதம் குறைகிறது, 20-லிருந்து 120 டிகிரிக்குப் போனால் பத்து சதவீதத்துக்கு மேல் போச்சு. தாமிரத்தின் மின்தடையோ அதே 100 டிகிரியில் 39 சதவீதம் ஏறும். 20 டிகிரி எண்ணைப் போட்டு ஓட்டிவிட்டு டார்க் வரவில்லை என்று என்னிடம் வருகிறவர்களைப் பார்த்துவிட்டேன்.

என் மோட்டாருக்கு வருகிறேன். ஸ்க்யூ (ஸ்லாட்டையோ காந்தத்தையோ நீளவாக்கில் சற்றுச் சாய்த்து முறுக்குவது) செய்துவிடலாம் என்று இங்கே ஒருவர் யோசனை சொல்கிறார். செய்யலாமா?

மெஷ்காரன்:
வேண்டாம். 60 மேட்டை அழிக்க 6 டிகிரி ஸ்க்யூ போதும், பேக் இ.எம்.எஃப்-இல் (ரோட்டார் சுற்றும்போது சுருளில் உண்டாகும் மின்னழுத்தம்) ஒரு சதவீதம்தான் இழப்பு. உங்கள் 12 மேட்டை அழிக்க 30 டிகிரி வேண்டும், 10 போலில் அது 150 மின் டிகிரி (ஒரு ஜோடிப் போலைக் கடப்பது 360 மின் டிகிரி), டார்க்கில் கால் பங்குக்கு மேல் போய்விடும். காந்தத்தைச் சரியாக ஒட்டுவதுதான் வழி. காஸ் மீட்டரை (காந்தப்புலம் அளக்கும் கருவி) ரோட்டார் சுற்றிலும் வைத்து அளந்து போடுங்களேன், நான் இங்கே முழு மோட்டாரையும் வரைந்து ஒரு காந்தத்தை நகர்த்தி ஓட்டுகிறேன்.

டெஸ்ட்பெஞ்ச்:
அளந்துவிட்டேன். பத்துக் காந்தமும் வலுவில் ஏறக்குறைய ஒன்றுதான். ஏழாவது காந்தம் மட்டும் இடம் தள்ளி இருக்கிறது, சுமார் 0.3 மி.மீ.

மெஷ்காரன்:
0.3 போட்டு முழு மாடலை ஓட்டினேன். 12 மேடு வருகிறது, உயரமும் உங்கள் அளவுக்குக் கிட்டத்தில் நிற்கிறது. 0.1-க்குள் பிடித்தால் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. வரைபடத்தில் காந்தத்தின் இடத்துக்கு என்ன டாலரன்ஸ் எழுதியிருக்கிறது?

டெஸ்ட்பெஞ்ச்:
எதுவும் எழுதவில்லை. இப்போதுதான் பார்க்கிறேன். இனி அச்சுக்கு ஆர்டர் போகும் முன் இந்த முழு மாடல் ஓட்டம் ஒன்றையும் கேட்கப் போகிறேன், ஆனால் மாதிரி மோட்டார் இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன், அதில் நான் மாறவில்லை.

சுருள்:
மெஷ்காரன், அந்த ஓட்டத்தில் காற்று இடைவெளியில் எத்தனை அடுக்கு வைத்தீர்கள்?

மெஷ்காரன்:
நான்கு. ஆறு வைத்தும் ஓட்டினேன், 12 மேடு அசையவில்லை, 60 மட்டும் கொஞ்சம் மாறியது.