கலைச்சொல் வேண்டுகிறேன்: குடும்பத்தோடு போகும் வருமானம்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

முதுகலைப் பொருளியல் பாடம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்குள் தர வேண்டும். அமெரிக்க வருமான வரித்துறை அடுத்தடுத்த இரண்டு ஆண்டு வரிக்கணக்குகளின் முகவரிகளை ஒப்பிட்டு, எந்தக் கவுன்ட்டியிலிருந்து (மாநிலத்தின் உட்பிரிவு, நம் மாவட்டம் போன்றது) எங்கே எத்தனை குடும்பங்கள் போயின, அவற்றின் வருமானம் எவ்வளவு என்று வெளியிடுகிறது. எடுத்துக்காட்டு, மேற்கு வர்ஜீனியாவின் மெக்டவல் கவுன்ட்டி. நிலக்கரிச் சீமை. 1950இல் ஏறத்தாழ 98,900 பேர், 2020இல் 19,111. இப்படி இடம் மாறும் குடும்பங்களின் வருமானத்தை 'வருமானப் பெயர்வு' என்று எழுதியிருக்கிறேன். சரியா?
— மொழிபெயர்ப்பாளர், கோவை

ஐயா, சிலம்பு புகாரைப் 'பதியெழுவறியாப் பழங்குடி' வாழும் ஊர் என்கிறது. பகையாலோ பசியாலோ ஊரை விட்டுக் கிளம்புவதே பதியெழுதல். மெக்டவலுக்கு வேறென்ன சொல் வேண்டும்? 'பதியெழு வருவாய்' என்க. வருமானத்தில் உள்ள 'மானம்' வடமொழி ஈறு. கவுன்ட்டிக்குக் 'கோட்டம்' என்ற பழைய ஆட்சிப் பிரிவின் பெயர் இருக்கிறது. தொண்டை மண்டலம் 24 கோட்டம்.
— தமிழாசிரியர், தஞ்சை

கட்டுமானம், பெறுமானம், அடைமானம் எல்லாம் தமிழ் வினையடியில் நிற்பவை. அவற்றையும் ஒதுக்குவீர்களா? 'வருவாய்', 'கோட்டம்' இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் மாணவர் கோட்டாட்சியர் அலுவலகத்தைத்தான் நினைப்பார். கவுன்ட்டி அப்படியே இருக்கட்டும். பதியெழுவை உரையில்லாமல் இன்று யார் படிப்பார்?
— கல்லூரி ஆசிரியை, மதுரை

சொல் இருக்கட்டும், பொருளைப் பாருங்கள். சுரங்கத் தொழிலாளி வட கரோலினாவுக்குப் போனால் பழைய சம்பளம் கூடவே போகிறதா? அது சுரங்கத்தோடு முடிந்தது. போன இடத்தில் வேறு வேலை, வேறு கூலி. ஓய்வூதியம் போன்ற பணம்தான் உண்மையில் உடன் செல்லும். 'வருமானப் பெயர்வு' என்றால் ஒரு பெட்டிப் பணம் எல்லை தாண்டியதாக மாணவர் நம்பிவிடுவார். இடம் மாறுவது ஆள். ஆகவே 'பெயர்ந்தோர் வருமானம்'. 'குடும்பம்' என்பதும் தோராயமே. ஒரு வரிக்கணக்கைத்தான் ஒரு குடும்பமாக எண்ணுகிறார்கள்: கணவனும் மனைவியும் தனித்தனியே தாக்கல் செய்தால் இரண்டு கணக்கு. வருமானம் குறைவென்று தாக்கலே செய்யாத ஏழைகளும் முதியவர்களும் இதில் வரவே மாட்டார்கள். இதைப் பாடத்தில் கட்டாயம் சொல்லுங்கள்.
— பொருளியல் ஆய்வாளர், சென்னை

மதுரை அம்மா சொன்னபடி கவுன்ட்டி, ஆய்வாளர் சொன்னபடி 'பெயர்ந்தோர் வருமானம்'. தாக்கல் செய்யாதோர் பற்றி ஒரு பத்தியும் சேர்த்துவிட்டேன். பெரும்பாலோர் ஒப்பியதால் இப்படியே அனுப்புகிறேன். அடுத்த இயலில் 'நிகர வெளியேற்றம்' வருகிறது. வந்தவரைப் போனவரிலிருந்து கழித்த எண். அதையும் பாருங்கள்.
— கோவை

எனக்கு ஒப்புதல் இல்லை. 'பெயர்ந்தோர்' என்பதில் விட்டுவந்த ஊர் எங்கே? பாடமே அந்த ஊரைப் பற்றியது. பட்டினப்பாலை கூடப் 'புலம்பெயர் மாக்கள்' என்று புலத்தைச் சேர்த்தே சொல்கிறது. 'ஊர்பெயர்ந்தோர் வருமானம்' என்றாவது திருத்துங்கள். நிகர வெளியேற்றம் பற்றி நாளை எழுதுகிறேன்.
— தஞ்சை