நின்று நின்று போகிற ஆட்டத்தில் என்ன ருசி? அமெரிக்கன் ஃபுட்பாலும் நம்ம கால்பந்தும்

கோத்தகிரி_10 கேட்டது:

வணக்கம் நண்பர்களே. எங்கள் மன்றத்தில் எல்லோரும் கால்பந்துப் பைத்தியங்கள். அமெரிக்கன் ஃபுட்பாலின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலைப் பெரிய திரையில் போடலாமா என்று பேச்சு எடுத்ததும் இரண்டு கட்சி ஆகிவிட்டது. போடலாம் என்பவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. வேண்டாம் என்பவர்கள் தெளிவாக இருக்கிறார்கள்: "திங்கட்கிழமை காலை அஞ்சு மணிக்குக் குளிரில் எழுந்து மூன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் பந்து அசைவது பதினோரு நிமிஷம். அதற்குத் தேயிலைக் கொழுந்து வளர்வதைப் பார்க்கலாம்."

கால்பந்து பார்த்துப் பழகிய கண் அந்த ஆட்டத்தில் எதைப் பார்க்க வேண்டும்? பையன்கள் சிலர் விளையாடிப் பார்க்கவும் கேட்கிறார்கள். ஹெல்மெட் இல்லாமல், நம்ம மேட்டு மைதானத்தில் அது நடக்குமா? "அவரவர் ரசனை" என்று முடித்துவிடாதீர்கள், அதை நாங்களே சொல்லிக்கொள்வோம்.

---

நாலாவது_டவுன்:

பதினோரு நிமிஷக் கணக்கு ஏறக்குறைய சரிதான். ஆட்டக் கடிகாரம் 60 நிமிஷம், பந்து உயிரோடு இருப்பது அவ்வளவுதான். ஆனால் அந்த இடைவெளிகளை வெட்டிப் போட்டால் ஆட்டமே காணாமல் போய்விடும்.

கபடியை வைத்துப் பாருங்கள். ரெய்டு 30 விநாடி. இரண்டு ரெய்டு காலியாகப் போனால் மூன்றாவது டூ ஆர் டை. அதே நெருக்கடிதான் இங்கும். நான்கு முயற்சிக்குள் 10 யார்ட் முன்னேற வேண்டும். ஒரு முயற்சிக்கு டவுன் என்று பெயர். முன்னேறினால் புதிதாக நான்கு டவுன், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு. (யார்ட் என்பது ஜவுளிக்கடைக் கெஜம்தான், 91 சென்டிமீட்டர் சொச்சம்.) எல்லைக்குள் கொண்டுபோனால் டச் டவுன், 6 புள்ளி. அதன் மேல் உதைத்தால் 1, மறுபடி ஓடியோ எறிந்தோ உள்ளே போனால் 2. கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் ஃபீல்டு கோலுக்கு 3.

முதல் தடவை பார்ப்பவர் பந்தைப் பார்க்காதீர்கள். பந்து கைக்கு வருமுன், தடுக்கும் அணியின் கடைசி வரிசையில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஆழத்தில் இருவர் நின்றால் முன்னால் ஆள் குறைவு, பெரும்பாலும் ஓட்டம் எடுபடும். ஒருவர்தான் என்றால் முன்வரிசை நெரிசல், எறிவதற்கு இடம் திறக்கும். அப்போது தாக்கும் அணியில் ஒருவர் குறுக்கே நடப்பார். அவர் பின்னாலேயே ஒரு தடுப்பாளர் தொடர்ந்து போனால் ஆளுக்கு ஆள் காவல். எவரும் பின்தொடராமல் இடம் மட்டும் மாற்றிக்கொண்டால் பெரும்பாலும் பகுதிக் காவல், அதாவது ஆளை விட்டு இடத்தைக் காப்பது. அந்த நடை ஒரு கேள்வி, எதிரணி தன்னையறியாமல் பதில் சொல்லிவிடும். சில விநாடிகளில் குவாட்டர்பேக் (பந்தை வாங்கி எறிபவர்) அதைப் படித்துத் திட்டத்தையே மாற்றுவார். தெருவில் கத்துகிற மாதிரி அவர் கத்துவதெல்லாம் அதுதான்.

பந்து போன பிறகும் அதைத் துரத்தாமல் நடுவில் மல்லுக்கட்டும் ஐந்து பருத்த ஆட்களைப் பாருங்கள். குவாட்டர்பேக்குக்கு இரண்டரை விநாடியா, மூன்றரை விநாடியா என்பது அவர்கள் கையில். அந்த ஒரு விநாடியில்தான் 40 யார்ட் எறிதல் பிறக்கிறது.

அடுத்து கடிகாரம். பிடிபடாத பாஸ் என்றால் கடிகாரம் நிற்கும், ஓட்டம் என்றால் ஓடும். முன்னணியில் இருப்பவர் ஓடுவார், பின்தங்கியவர் எறிவார். இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2017 சூப்பர் பவுல். அட்லாண்டா 28-3 என்று முன்னால் இருந்தது. கடைசிக் கால்பகுதியில் 28-20. அப்போதும் பந்து அவர்களிடம், எதிரணியின் 22 யார்ட் கோட்டில், ஐந்து நிமிஷத்துக்கும் குறைவு. அங்கிருந்து உதைத்தால் தூரம் 39 யார்ட் (கோட்டின் எண்ணோடு எப்போதும் 17 சேர்த்துக்கொள்ளுங்கள்). மூன்று முறை ஓடிக் கடிகாரத்தைக் கரைத்துவிட்டு உதைத்திருந்தால் 31-20, எதிரணிக்கு இரண்டு முறை புள்ளி எடுத்தாக வேண்டிய நிலை. அவர்களோ எறியப் போனார்கள். குவாட்டர்பேக் பிடிபட்டு 12 யார்ட் பின்னடைவு, அதன் மேல் பிடித்து இழுத்ததற்கு 10 யார்ட் அபராதம். உதைக்கும் தூரத்தையே தாண்டிப் பின்னால் வந்துவிட்டார்கள். எதிரணியான நியூ இங்கிலாந்து சமன் செய்து கூடுதல் நேரத்தில் 34-28. அன்று அட்லாண்டாவைக் கவிழ்த்தது கணக்கு.

---

கூடலூர்_செவன்ஸ்:

நாலாவது டவுன் அண்ணா, அழகாகச் சொன்னீர்கள். ஆனால் இன்னொரு பக்கம் இருக்கிறது.

நீங்கள் புகழ்கிற மூளை யாருடையது? குவாட்டர்பேக் ஹெல்மெட்டுக்குள் ஸ்பீக்கர் இருக்கிறது. அடுத்த டவுனைத் தொடங்குவதற்கான கடிகாரத்தில் 15 விநாடி மிச்சமாகும் வரை பயிற்சியாளர் காதுக்குள் பேசலாம். தாக்க 11 பேர், தடுக்க வேறு 11 பேர், உதைக்க ஒரு தனி ஆள், மாற்றிக்கொள்ள வரம்பே இல்லை. கால்பந்தில் மாற்று வீரர் ஐந்தே பேர். கோட்டோரம் நிற்கும் பயிற்சியாளரின் குரல் எதிர்ப்பக்க விங்கருக்குப் போய்ச் சேராது. தாக்கிய அதே கால்கள் அடுத்த நொடி திரும்பி ஓடித் தடுக்க வேண்டும். அங்கே நின்று யோசிப்பதை இங்கே ஓடிக்கொண்டே யோசிக்கிறார்கள். 70-வது நிமிஷத்துக்கு மேல் கோல்கள் விழுவது ஏன்? நடுவரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவே இருந்த பத்து பன்னிரண்டு மீட்டர் இடைவெளி, களைப்பில் இருபதாகிறது. அந்த இருபதுக்குள் ஒருவன் திரும்பி நின்று பந்தை வாங்கிவிட்டால் முடிந்தது கதை.

கால்பந்திலும் பந்தைப் பார்ப்பவனுக்குப் பாதி ஆட்டம்தான் கிடைக்கும். ஆஃப்சைடு கோடுதான் நிஜமான மைதானம். 2022 உலகக் கோப்பையில் சவூதி அரேபியா அர்ஜென்டினாவை 2-1 என்று வென்றதை மறுபடி போட்டுப் பாருங்கள். சவூதியின் பின்வரிசை பயமில்லாமல் நடுக்கோட்டை நோக்கி ஏறி நின்றது. முதல் பாதியில் மட்டும் அர்ஜென்டினா போட்ட மூன்று கோல் ஆஃப்சைடு என்று போனது. நால்வரில் ஒருவர் ஓரடி பின்தங்கினால் அந்தக் கோடு உடையும். இடைவெளியே இல்லாமல் 90 நிமிஷம் அந்தக் கோட்டைப் பிடித்திருப்பது எந்தச் சதுரங்கத்துக்கும் குறைந்ததில்லை. தோற்ற அதே அணிதான் கடைசியில் கோப்பையை எடுத்தது என்பது வேறு கதை.

கோல் அரிது என்கிற குறைக்கும் பதில் இதுவே. அந்த உலகக் கோப்பையில் 64 ஆட்டத்தில் 172 கோல், ஆட்டத்துக்கு 2.7. புள்ளி அரிதாக இருப்பதால்தான் சின்ன அணிக்கு ஜெயிக்க இடம் இருக்கிறது. கூடைப்பந்து மாதிரி நூறு புள்ளி வருகிற ஆட்டமானால் சவூதி அன்று தோற்றிருக்கும்.

---

கொடை_மூடுபனி:

கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்காக 1901-லேயே பள்ளி தொடங்கினார்கள். அப்படியும் மலையில் வேர் விட்டது கால்பந்துதான். காரணம் ரொம்ப எளிது: ஒரு பந்தும் நாலு கல்லும் போதும். அந்த ஆட்டத்துக்கு ஆளுக்கொரு ஹெல்மெட், தோள் கவசம், எல்லாம் வேண்டும்.

கோத்தகிரி நண்பருக்கு ஒரு யோசனை. பழகாத ஆட்களுக்கு முதல் ஆட்டமாகச் சூப்பர் பவுலைப் போடாதீர்கள். பாட்டுக் கச்சேரிக்காக இடைவேளையை நீட்டுவார்கள், விளம்பரமும் கூடுதல், பாதிப் பேர் டீ குடிக்கப் போனவர்கள் திரும்ப மாட்டார்கள். செப்டம்பரிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை ஞாயிறு முதல் ஆட்டங்கள் நமக்கு இரவு 10:30-க்கு, அமெரிக்காவில் கடிகாரத்தைப் பின்னால் வைத்ததும் 11:30. இல்லையென்றால் டாஜோன் என்கிற இணைய ஒளிபரப்பில் வரும், அமெரிக்க லீக்கான என்.எஃப்.எல்.-லின் கேம் பாஸில் இடைவெளி வெட்டிய பதிப்பு முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதைத் திங்கள் மாலை போடுங்கள், நாலாவது டவுன் சொன்ன இடத்தில் நிறுத்தி நிறுத்திக் காட்டலாம். ஹைலைட்ஸ் மட்டும் வேண்டாம். அதில் எறிதலும் பிடித்தலும்தான் இருக்கும், ஏன் என்பது இருக்காது.

லீக் அமைப்பிலும் ருசி வேறு. என்.எஃப்.எல்.-லில் 32 அணி, அணிக்கு 17 ஆட்டம், சம்பளத்துக்கு உச்சவரம்பு, கடைசி இடத்து அணிக்குப் புதிய வீரரை எடுப்பதில் முதல் உரிமை. தோற்றவனைத் தூக்கிவிடுகிற ஏற்பாடு. ஐரோப்பியக் கால்பந்தில் தோற்றவன் கீழ் டிவிஷனுக்கு இறங்குவான். ஆனால் கீழே இருப்பவனும் ஏறலாம்: 2014-ல் மேலே வந்த லெஸ்டர் 2016-ல் பிரீமியர் லீக் பட்டம் எடுத்தது. பட்டத்துக்கு வழியில்லாத அணிக்கும் மே மாதம் உயிர்ப் போராட்டம் உண்டு என்பதால் எனக்குக் கால்பந்து லீக்தான் மேல்.

---

குன்னூர்_லைன்மேன்:

விளையாடும் கேள்விக்கு யாரும் வரவில்லையே. கவசம் இல்லாமல் ஆளை மோதி வீழ்த்தும் ஆட்டத்தைப் பையன்களுக்குக் காட்டவே காட்டாதீர்கள். கழுத்தும் தலையும் போகும். அதற்கு மாற்றாக ஃபிளாக் ஃபுட்பால் இருக்கிறது. 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் கமிட்டிதான் கிரிக்கெட்டோடு சேர்த்து அதை 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குக்கு எடுத்தது.

பக்கத்துக்கு 5 பேர். இடுப்புப் பட்டையில் இரண்டு பக்கமும் துணிக் கொடி. கொடியை உருவினால் ஆள் பிடிபட்ட மாதிரி. ஆடுகளம் 50 யார்ட் நீளம், 25 அகலம், இரண்டு முனையிலும் 10 யார்ட் எல்லைப் பகுதி. மொத்தம் 64 மீட்டருக்கு 23 மீட்டர். முழு அளவுக் கால்பந்து மைதானத்தின் அகலம் 68 மீட்டர் என்பதால் குறுக்கே போட்டால் அடங்கிவிடும். நம்ம மைதானங்கள் பெரும்பாலும் அதைவிடச் சின்னது, அங்கே நீளவாக்கில் போடுங்கள். சரிவு இருந்தால் பாதியில் பக்கம் மாற்றியே ஆக வேண்டும். நான்கு முயற்சிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும், தாண்டினால் இன்னும் நான்கு. எறிபவரின் கொடியை உருவப் பாய்ந்து வருபவர் தொடக்கத்தில் 7 யார்ட் தள்ளித்தான் நிற்க வேண்டும்.

கெட்டுப்போகிற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். கொடியை முடிச்சுப் போட்டுக் கட்டுவார்கள். இழுத்தால் ஆளே விழுவான். வெல்க்ரோவோ செருகுவதோ மட்டும். பாக்கெட் வைத்த டிரவுசர் வேண்டாம், விரல் மாட்டி முறியும். எறியும்போது உள்ளங்கை பந்தில் ஒட்டக் கூடாது. மோதிர விரலும் சுண்டு விரலும் தையல் மேல், ஆள்காட்டி விரல் முனைப் பக்கம், விட்டபின் கட்டைவிரல் தரையைப் பார்க்க வேண்டும். பந்து தள்ளாடினால் பத்துக்கு எட்டு உள்ளங்கைதான் குற்றவாளி. சின்னக் கைக்குப் பெரியவர் பந்தைக் கொடுத்தாலும் இதே கதி. மஞ்சு இறங்கும் மாலையில் தோல் பந்து வழுக்கும். ரப்பர் பந்தும் இடுப்பில் ஒரு துண்டும் போதும். ஈரமான கிக்குயு புல்லில் தட்டை ஷூ சறுக்கும், குமிழ் வைத்த கால்பந்து ஷூவையே போடலாம்.

முக்கியமானது: ஆட்டம் பார்த்த சூட்டோடு காலை எட்டரைக்கே மைதானத்துக்கு ஓடாதீர்கள். ஊட்டிப் பக்கம் பிப்ரவரியிலும் உறைபனி விழும். உறைந்த புல்லை மிதித்தால் இலை நொறுங்கிக் கால்தடம் தடமாகக் கறுத்துப்போகும். வெயில் பட்டு வெள்ளை முழுக்கக் கரைந்த பிறகு இறங்குங்கள்.

---

கோத்தகிரி_10:

அண்ணன்களுக்கு நன்றி. இடைவெளி வெட்டிய பதிப்பிலிருந்தே தொடங்குகிறோம். கடைசியாக ஒன்று. மேட்டுப்பாளையத்தில் காற்றடித்து வாங்கி வரும் பந்து ஊட்டிக்கு வந்ததும் கல் மாதிரி இருக்கிறதே, உயரத்தாலா?

---

குன்னூர்_லைன்மேன்:

உயரத்தால்தான். ஊட்டி 2,240 மீட்டர். வெளிக்காற்றின் அழுத்தத்தில், கடல் மட்டத்தில் இருப்பதைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்துவிடும். உள்ளே இருக்கும் காற்று அதே அளவு, எதிர்த்து நிற்க வெளியே ஆளில்லை. கீழே 33 டிகிரி வெயிலில் 10 பி.எஸ்.ஐ. (மீட்டர் காட்டும் அழுத்த அளவு) அடித்தால், மேலே 13 டிகிரி குளிரில் சுருங்கிய பிறகும் பதினொன்றரை காட்டும். குளிர் இல்லாவிட்டால் இன்னும் ஏறும். ஆகவே மைதானத்தில் வைத்துத்தான் அளக்க வேண்டும். கால்பந்துக்கு விதி 8.5 முதல் 15.6 வரை விடுகிறது, பையன்களுக்கு 9 போதும். அமெரிக்கன் பந்துக்கு என்.எஃப்.எல். அளவு 12.5 முதல் 13.5.

அழுத்தத்தைச் சரிசெய்தாலும் பந்து தூரம் போகும், ஏனென்றால் காற்றே மெலிசு. 2013-ல் 64 யார்ட் ஃபீல்டு கோல் போய் அன்றைய சாதனையானது டென்வரில், அது 1,600 மீட்டர்தான், நம்ம குன்னூரைவிடத் தாழ்வு. மெக்சிகோவின் ஆஸ்டெக்கா மைதானம் ஏறத்தாழ ஊட்டி உயரம். கால்பந்து வளைத்து அடிப்பவர்களுக்கு மட்டும் இது நஷ்டம்: ஃப்ரீ கிக் வழக்கம்போல வளையாது, கம்பத்துக்கு வெளியே போகும். குறி ஒரு முழம் உள்ளே வைக்கச் சொல்லுங்கள்.

காற்றை இறக்க ஊசி போடும்போது உலர்ந்த ஊசியைக் குத்தாதீர்கள், வால்வு கிழியும். ஒரு சொட்டு கிளிசரின் தடவிவிட்டு நேராக இறக்குங்கள்.