மறு: புனைமொழிச் சொல்லுக்கு இரண்டு பிறப்பு – கலைச்சொல் முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

> 'சொற்பிறப்பு' இருக்கும்போது புதிதாக இரண்டு சொல் எதற்கு?

ஐயா, இயற்கை மொழிக்கு அது ஒன்றே போதும். கதைக்காக ஒருவர் ஆக்கிய புனைமொழிக்குப் போதாது: அங்கே ஒரு சொல்லுக்குக் கதைக்குள் ஒரு பிறப்பு, ஆசிரியர் அதைப் பெற்ற வழியில் இன்னொரு பிறப்பு. ஒரே ஒரு சொல்லை எடுத்துப் பார்ப்போம்.

ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் கதையில் வரும் 'எயரெண்டில்' என்ற பெயர். அவர் ஆக்கிய குவென்யா மொழியில் 'எயர்' என்றால் கடல். '-ண்டில்' என்பது அன்பு பூண்டவன். ஆக, கடல்நேயன். கதைக்குள் வாழ்கிறவர்களைக் கேட்டால் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் பெயர் வந்த வழி வேறு. கிறிஸ்துவைப் பாடும் பழைய ஆங்கிலக் கவிதை ஒன்றில் 'எயரெண்டெல்' என்று வருகிறது. விடிவெள்ளி என்றோ விடியல் ஒளி என்றோ அதற்குப் பொருள் கொள்கிறார்கள். அதன் ஓசையழகில் மனதைப் பறிகொடுத்த டோல்கீன், 1914இல் அந்தப் பெயரை வைத்துக் கவிதை எழுதினார். அப்புறம் தன் மொழிக்கு இசையும்படி பெயரைத் திருத்தியபோது, கடலைக் குறிக்கும் வேரே அதிலிருந்துதான் உருவானது. 1967இல் எழுதிய ஒரு கடித வரைவில் அவரே இதை விளக்கியிருக்கிறார். சொல் மூத்தது, வேர் இளையது. எனக்கு இதில் தீராத வியப்பு.

அதனால்தான் இந்த இரண்டு பிறப்புக்கும் 'அகவேர், புறவேர்' என்ற பெயர்கள் சரிப்படாது என்கிறேன். வேர் என்றாலே சொல்லுக்கு முந்தியது என்று வாசகர் எடுத்துக்கொள்வார். 'உள்மூலம், வெளிமூலம்' வேண்டவே வேண்டாம், இரண்டும் நோய்ப்பெயர்கள்.

என் பரிந்துரை: கதையுலகுக்குள் சொல்லப்படும் வரலாறு அகச்சொற்பிறப்பு, ஆசிரியர் அதை எங்கிருந்து பெற்றார் என்பது புறச்சொற்பிறப்பு. அகம், புறம் என்றதும் காதலும் போரும்தானே நினைவுக்கு வரும் என்று அம்மா கேட்டிருந்தீர்கள். அகச்சான்று, புறச்சான்று என்று ஆய்வாளர்கள் காலங்காலமாக எழுதுகிறார்கள், யாரும் தடுமாறுவதில்லையே. நீளம் ஒன்றுதான் குறை. அகராதியில் இப்படிச் சுருக்கிக்கொள்ளலாம்:

எயரெண்டில் – அக. எயர் (கடல்) + -ண்டில் (அன்பன்), புற. பழைய ஆங்கில 'எயரெண்டெல்'.

இன்னொன்று. கான்லாங் (conlang, திட்டமிட்டு ஆக்கிய மொழி) என்பதற்குப் பொதுப்பெயராகப் 'புனைமொழி'யை வைக்க முடியாது. பல நாட்டாரும் பேசுவதற்காக ஆக்கிய எஸ்பெராண்டோவும் கான்லாங்தான், அது கதைக்காகப் பிறந்ததல்ல. பொதுவாக 'ஆக்கமொழி' என்றும், கதைக்கு ஆக்கியதை மட்டும் 'புனைமொழி' என்றும் வைத்துக்கொள்ளலாமா?